இடது பக்கம்

மண்சரிவுக்குப் பிறகு
தடுப்புச்சுவர் பார்க்க வரும் நெடுஞ்சாலைத்துறை ஆள் போல
டார்ச் அடித்துப் பார்த்தார் டாக்டர் ஆக்னஸ்.
நடுச்சுவர் இடப்பக்கம் சாய்ந்துவிட்டதாம்.
"எத்தனை வருஷமா?"
பள்ளிக்கூட வாலிபால் கம்பத்தில் மோதியது.
முப்பத்தொரு வருஷம்.
"என்ன வேலை பார்க்கிறீங்க?"
கோத்தகிரியில், தேயிலை ஃபேக்டரியில்,
நொதிப்பு அறை மேற்பார்வை என்றேன்.
டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அரைத்த இலையை ஒரு பிடி அள்ளி
மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவேன்.
மூடிய கண்ணுக்குள் நிமிஷக் கணக்கு ஓடும்.
பச்சை வாடை போய்ப் பழ வாடை வரவேண்டும் என்று
எனக்கு யாரோ சொன்னதை
நான் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.
பிறகு ஓரக்கண்ணால் தங்கப்பொண்ணைப் பார்ப்பேன்.
அவள் மூக்கு லேசாக விரிந்தால்
"போடு ட்ரையர்ல" என்பேன்.
லூர்துசாமி மூக்குன்னா மூக்குதான் என்பார் மேனேஜர்.

குன்னூரில் ஆபரேஷன்.
எண்ணச் சொன்னார்கள். ஆறு வரை ஞாபகம்.
விழித்தபோது இரண்டு துளையும் அடைத்து
மீசை இருந்த இடத்தில் பஞ்சு,
அதில் மெல்லப் பரவும் சிவப்பு.
தண்ணீர் விழுங்கினால்
காதுக்குள் யாரோ கதவைச் சாத்தினார்கள்.
முன்பற்கள் இரண்டும் மரத்து
இரவல் வாங்கியவை போல் இருந்தன.
விடிவதற்குள் நாக்கு
வாட்டு மேடையில் ராமுழுக்கக் கிடந்த கொழுந்து.

குனியக் கூடாது.
மூக்கைச் சிந்தக் கூடாது.
தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.
வீட்டில் கீழே விழுந்ததெல்லாம்
ஞானசௌந்தரியின் பொறுப்பு ஆயிற்று:
சோப்பு, மாத்திரை, ஒரு ரூபாய், என் ஷூ லேஸ்.
"வேணும்னே போடுறியா?" என்றாள் நாலாம் நாள்.
ரசம் வெறும் சூடு, கீரை வெறும் ஈரம்,
மூன்று தலையணை மேல் உட்கார்ந்தபடி உறக்கம்.
ஜன்னல் வரை மூடுபனி வந்து நின்றது.
உள்ளே வர இடமில்லை, எனக்குள்ளும்தான்.

எட்டாம் நாள்
உள்ளிருந்து அவர் இழுத்தது
உரித்த ஊட்டி அவரைத் தோல் நீளத்துக்கு
இரண்டு பிளாஸ்டிக் தகடு.
கண்ணில் தண்ணீர் கொட்டியது. அழுகை இல்லை, ஆனாலும் கொட்டியது.
"இப்ப இழுங்க."

இழுத்தேன்.
இடது பக்கம் வழியாகக் குளிர் உள்ளே போய்
பின்மண்டையில் இடித்தது.
இந்த மலையிலேயே பிறந்தவன் நான்.
குளிர் என்பது காதுக்கும் விரலுக்கும்தான் என்று
இத்தனை காலம் இருந்திருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில்
பூ வாசமெல்லாம் வரவில்லை.
டீசல் வந்தது. நனைந்த கம்பளி வந்தது.
வளைவில் பின்சீட்டுக் குழந்தை எடுத்த வாந்தி,
கேரட் கழுவும் இடத்தில் கறுப்பு மண்,
யாரோ ஒருவர் மடியில் வைத்திருந்த தைலப் புட்டி.
நிறுத்தத் தெரியவில்லை எனக்கு.
மூக்குக்கு இமை கிடையாது.

அன்றிரவு பாதித் தூக்கத்தில்
என் மூக்கின் கீழே ஒரு விரல்.
குறட்டை நின்றுபோனதில் பயந்துவிட்டாளாம்.
விரலில் பூண்டு மணந்தது.
சொல்லவில்லை.

தூசி ஆகாதென்று ஒரு மாதம் விடுப்பு.
காலையும் மாலையும் உப்புத்தண்ணீர் பீய்ச்சி
கருஞ்சிவப்புப் பொருக்குகளை வெளியேற்றினேன்.
பிறகு ஒரு புதன்கிழமை
நொதிப்பு அறைக் கதவைத் தள்ளினேன்.

அள்ளினேன். கண்ணை மூடினேன்.
நிமிஷங்கள் ஓடவில்லை.
இதுவா, இது இத்தனை பெரியதா,
பச்சை எங்கே முடிகிறது, பழம் எங்கே தொடங்குகிறது,
எனக்கு எப்படித் தெரியும்?
"என்னண்ணே, இன்னிக்கு இவ்வளவு நேரம்?"
"நீ சொல்லு" என்றேன்.

தங்கப்பொண்ணு கையைத் துடைத்துக்கொண்டாள்.
"எப்பவும் நான்தானே சொல்றேன்.
உங்களுக்குத் தெரியட்டும்னுதான்
மூக்கை அப்படி விரிக்கிறது.
வீட்ல எம் பொண்ணு கேலி பண்றா,
மாடு மாதிரி இருக்காம்."

அவளுக்கு நாள்கூலி. எனக்கு மாசச் சம்பளம்,
போன வருஷம் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள்.

அவள் ஒரு பிடி அள்ளி நீட்டினாள்.
வலது துளையை விரலால் அழுத்திக்கொண்டு
இடது பக்கமாக மட்டும் இழுத்தேன்.
"இன்னும் பச்சை இருக்கு?"
கேள்வியாகத்தான் வந்தது.

"கொஞ்சம்" என்றாள்.
நின்றோம்.